பிக் ஸ்டாரின் ‘நம்பர் 1 ரெக்கார்டு’ (1972): பாட்டு தோத்துச்சா, இசைத்தட்டு கடைக்கே வரலையா?

மாடிவீட்டு ரேடியோ:

இனிப்பான மெட்டும் முரட்டு கிட்டாரும் சேர்ந்த பவர் பாப் இசை பத்திப் பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் பிக் ஸ்டார்ங்கிற குழு பேரை எடுத்து, "காலத்துக்கு முன்னாடியே வந்துட்டாங்க, அதான் ஓடல"ன்னு சொல்லிட்டுப் போயிடுறாங்க. இந்தப் பேச்சு மேல எனக்குப் பல வருஷக் கோபம். காலத்து மேல பழி போட்டா யார் மேலயும் தப்பு இல்லைன்னு ஆயிடுது. அவங்களோட முதல் ஆல்பம் தேடிப் போனவங்க கைக்கே கிடைக்கல. அதை விலாவாரியா பேசணும்னுதான் இந்த இழை.

கேள்விப்படாதவங்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஊர் அமெரிக்காவுல டென்னஸி மாநிலத்து மெம்பிஸ், வருஷம் 1971. நாலு பசங்க. கிறிஸ் பெல், அலெக்ஸ் சில்டன் ரெண்டு பேரும் கிட்டாரும் பாட்டும். ஆண்டி ஹம்மல் பேஸ், ஜோடி ஸ்டீபன்ஸ் டிரம்ஸ். இதுல சில்டன் மட்டும் ஏற்கெனவே ஊரறிஞ்ச ஆளு. பாக்ஸ் டாப்ஸ்ங்கிற குழுவுல 16 வயசுல அவர் பாடின ‘தி லெட்டர்’ 1967ல அமெரிக்காவுல முதலிடம் பிடிச்ச பாட்டு. ஆனா அங்க எதைப் பாடணும், எப்படிப் பாடணும்னு முடிவு பண்ணது வேற ஆளுங்க. வெறுத்துப்போய் வெளிய வந்துட்டார்.

பெல் ஆர்டென்ட் ஸ்டூடியோவே கதின்னு கிடந்த பையன். அதோட முதலாளி ஜான் ஃப்ரை ஆர்வமுள்ள பசங்களுக்கு ரெக்கார்டிங் வேலையைச் சொல்லிக் கொடுத்து, வாடகைக்கு ஆள் இல்லாத நேரத்துல நீங்களே புழங்கிக்கோங்கன்னு சாவியைக் கொடுத்தவர். பீட்டில்ஸ் கேட்டு வளர்ந்த பசங்களுக்கு அப்படி ஒரு இடம் கிடைச்சா சும்மா விடுவாங்களா? அந்த ஆல்பத்துல ஒவ்வொரு கிட்டாரும் பளிச்சுன்னு தனியா கேக்குதுன்னா அது ராத்திரி ராத்திரியா உக்காந்து உழைச்ச பலன்.

ஊர்ல பிக் ஸ்டார்னு பல கிளை வெச்ச மளிகைக் கடை ஒண்ணு இருந்துச்சு. ஸ்டூடியோவுக்குப் பக்கத்துலயும் ஒரு கிளை. குழுவுக்குப் பேர் அங்கேருந்து. ஆல்பத்துக்கு ‘நம்பர் 1 ரெக்கார்டு’ன்னு வெச்சாங்க. அட்டையில கறுப்புப் பின்னணி, நியான் விளக்குல ஒரு நட்சத்திரம்.

1972ல வந்துச்சு. இதுல எந்தப் பாட்டை வேணும்னாலும் சிங்கிளா, அதாவது தனிப்பாட்டுத் தட்டா விடலாம்னு பில்போர்டுங்கிற இசைத்துறைப் பத்திரிகை எழுதுச்சு. அதே மாதிரிப் பத்திரிகை கேஷ்பாக்ஸும் புகழ்ந்துச்சு. ரோலிங் ஸ்டோன் இதழ்ல விமர்சகர் பட் ஸ்கோப்பா மனசார எழுதினார். அத்தனைக்கும் அப்புறம் 10,000 பிரதிகூட விக்கல.

எழுதினவங்க எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்ன ஒரு தட்டு, ஏன் இப்படி ஆச்சு?

பெரம்பூர் பையன்:

அண்ணே, இந்தக் குழு பேரையே இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன். உங்க பதிவைப் படிச்சுட்டு நைட்டு ஹெட்போன்ல போட்டேன். ‘தர்ட்டீன்’ வந்ததும் அப்படியே நிறுத்திட்டு மறுபடி மறுபடி நாலு தடவை கேட்டேன். டிரம்ஸே இல்ல. ஒரு பையன் ஸ்கூல் விட்டு உன்கூட வீடு வரைக்கும் நடந்து வரட்டுமான்னு கேக்குறான், அவ்ளோதான் பாட்டு. எட்டாங்கிளாஸ் படிக்கும்போது நானும் ஒரு பொண்ணு பின்னாடி ரயில்வே கேட் வரைக்கும் நடந்திருக்கேன், ஒரு வார்த்தை பேசினதில்ல. அந்த நடை எனக்கு ஞாபகம் வந்துச்சு. இது 50 வருஷத்துக்கு முன்னாடி பண்ணதுன்னு நம்பவே முடியல.

இது எப்படிண்ணே ஓடாம போகும்?

கேசட்கடை மகன்:

அண்ணாச்சி, இதுக்கு நான் பதில் சொல்லியே ஆகணும். எங்கப்பா திருநெல்வேலி ஜங்ஷன்ல கேசட் கடை வெச்சிருந்தாங்க. நான் பள்ளிக்கூடம் விட்டதும் கடையிலதான் இருப்பேன். கல்லாவுக்குப் பக்கத்துல ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்கும். யாராவது வந்து ஒரு பாட்டு கேட்டு, நம்மகிட்ட இல்லைன்னா, அப்பா அதுல பேர் எழுதி ஒரு கோடு போடுவாங்க. அடுத்த ஆள் கேட்டா இன்னொரு கோடு. அஞ்சு கோடு ஆனா மதுரைக்குப் போன் போட்டு பார்சல் சொல்லணும். மதுரையில அவர் சரக்கு இல்லைன்னு சொல்லிட்டா அந்தக் கோடெல்லாம் வீண். கேக்க வந்தவர் ரெண்டு நாள் வருவார், மூணாவது நாள் வேற கேசட்டை வாங்கிட்டுப் போயிருவார். ஒரு வாரம் கழிச்சு நம்மகிட்ட சரக்கு வந்தாலும் அவருக்கு அந்தப் பாட்டே மறந்திருக்கும். ரேடியோவுல கேட்ட ஆசைக்கு ஆயுசு அவ்வளவுதான்.

பிக் ஸ்டாருக்கு நடந்தது இதேதான். ஆர்டென்ட் ஸ்டூடியோ தன் பேர்லயே நடத்தின லேபிளோட தட்டுகளை விக்கிற பொறுப்பு ஸ்டாக்ஸ் கம்பெனிகிட்ட. ஸ்டாக்ஸ்னா சாதாரண கம்பெனி இல்ல, ஐசக் ஹேய்ஸ் மாதிரி சோல், அதாவது கறுப்பின மக்களோட இசை, பாடுறவங்களை உலகத்துக்கே கொண்டுபோன இடம். ஆனா அவங்களுக்குப் பழக்கமான ரேடியோ, பழக்கமான கடை எல்லாம் சோல் வட்டாரம். கிட்டார் பாப் பாடுற நாலு வெள்ளைக்காரப் பசங்களோட தட்டை எந்த ஊர்ல எந்தக் கடையில வெக்கணும்னு அவங்களுக்குப் பிடிபடல. அங்கங்க ரேடியோவுல போட்டாங்க, கேட்டவங்க கடைக்கும் போனாங்க. தட்டு இல்ல.

இதுக்கு மேலதான் பெரிய அடி. 1972 கடைசிப் பக்கம் ஸ்டாக்ஸ், விநியோகத்தை மொத்தமா கொலம்பியாங்கிற இன்னொரு தட்டுக் கம்பெனிகிட்ட ஒப்படைச்சுது. பெரிய கம்பெனி, இனி நல்லா போகும்னு நெனச்சுதான் செஞ்சாங்க. கொலம்பியாவுக்கு ஸ்டாக்ஸோட பழைய தனி விநியோகஸ்தர்கள் யாரும் வேண்டாம். அவங்க மூலமா கடைக்குப் போயிருந்த கொஞ்ச நஞ்ச பிக் ஸ்டார் தட்டும் திரும்ப எடுக்கப்பட்டுச்சு. கம்பெனி ஆளை மாத்தினா பழைய ஆள் நம்ம சரக்கைத் தொடமாட்டார், புது ஆள் அதை எங்களோடதுன்னு ஒத்துக்கமாட்டார். எங்க கடையில ரெண்டு அட்டைப்பெட்டி கேசட் அப்படி வருஷக்கணக்கா பரண்ல கிடந்துச்சு. அப்பா தீபாவளிக்குப் பரண் சுத்தம் பண்ணும்போதெல்லாம் அதை எறக்கி, தொடச்சு, மறுபடி ஏத்துவாங்க.

அதனால காலத்துக்கு முன்னாடி வந்ததுன்னு யாராவது சொன்னா எனக்கும் கோவம்தான் வருது. கேட்டுப் பிடிக்காம விட்டாதான் அதைத் தோல்வின்னு சொல்லணும். இதை யாரு கேட்டா?

சாய்வு நாற்காலி:

கேசட்கடை மகன் எழுதியதைப் படித்து மனம் கனத்தது, தம்பி. உங்கள் அப்பா அந்தப் பெட்டியைத் துடைத்து வைத்த காட்சி கண்ணிலேயே நிற்கிறது. விநியோகம் கெட்டது உண்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது மட்டுமே காரணம் என்றால் நான் ஒப்பமாட்டேன்.

1972இல் அமெரிக்க ராக் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று பாருங்கள். எஃப்.எம். நிலையங்களில் நீண்ட பாட்டுகள், கனமான கிட்டார், பத்து நிமிடத் தனி வாசிப்பு. அந்த வரிசையில் மூன்று நிமிடப் பாட்டை எங்கே செருகுவது? மேலும் பிக் ஸ்டார் மேடையேறியதே மிகக் குறைவு. ஊர் ஊராகப் போய் வாசித்தால்தானே ரேடியோ கைவிட்டாலும் ஆள் சேரும்? ஸ்டூடியோவுக்குள் பூப்போலப் பார்த்துப் பார்த்துச் செய்த ஒலியை மேடையில் கொண்டுவருவதும் அவர்களுக்குச் சுலபமாக இல்லை.

இன்னொன்றும் உண்டு. தட்டின் இரண்டாம் பக்கம். ‘வென் மை பேபிஸ் பிசைட் மி’யில் துள்ளலாகத் தொடங்கும் பக்கம், போகப்போக அடங்கிக்கொண்டே போகிறது. ‘கிவ் மி அனதர் சான்ஸ்’, ‘ட்ரை அகெய்ன்’, ‘வாட்ச் தி சன்ரைஸ்’ எல்லாம் எனக்கு உயிர். ஆனால் பவர் பாப் என்ற சொல்லில் இருக்கும் அந்த பவரை எதிர்பார்த்து வாங்கியவருக்கு அது பாதி ஆல்பம்தான்.

மாடிவீட்டு ரேடியோ:

சார், உங்ககிட்ட மரியாதையோட ஒரு மறுப்பு. மூணு நிமிஷப் பாட்டுக்கு 1972ல இடம் இல்லைன்னா ராஸ்பெர்ரீஸ் எப்படி ஜெயிச்சாங்க? ஒஹாயோ மாநிலம் கிளீவ்லாந்து பசங்க. அதே 1972, அவங்களுக்கும் அது முதல் ஆல்பம், அதே பீட்டில்ஸ் பைத்தியம், அதே மாதிரி இனிப்பான குரல், முரட்டு கிட்டார். அவங்க ‘கோ ஆல் தி வே’ பாட்டு பில்போர்டு பட்டியல்ல 5ஆம் இடம் வரைக்கும் போச்சு. அவங்க தட்டு வந்தது கேப்பிடல் கம்பெனியில. அட்டையில ஒட்டியிருந்த ஸ்டிக்கரைச் சுரண்டினா ராஸ்பெர்ரி பழ வாசனை வரும். அந்த வாசனைக்குச் செலவு பண்ண ஒரு கம்பெனி அவங்க பின்னாடி நின்னுச்சு.

பேட்ஃபிங்கர் குழுவைப் பாருங்க. ‘டே ஆஃப்டர் டே’ 1972 தொடக்கத்துல அமெரிக்காவுல 4ஆம் இடம். ‘பேபி ப்ளூ’வும் அதே வருஷம் பட்டியல்ல நல்லா ஏறுச்சு. அவங்க இருந்தது பீட்டில்ஸோட சொந்த ஆப்பிள் கம்பெனி. ஜனங்க காது தயாராத்தான் இருந்துச்சு.

மேடை விஷயத்துல நீங்க சொல்றது சரி. அதை நான் எழுதாம விட்டது என் தப்பு.

ஆறுதந்தி:

இரண்டாம் பக்கத்தைப் பத்தி சார் சொன்னதுக்கு நான் பேசணுமுங்க. கோயம்புத்தூர்ல பத்து வருஷமா கிட்டார் வகுப்பு எடுக்கிறேன். இந்த ஆல்பத்துல மென்மைன்னு நாம ஒதுக்கற இடத்துலதான் உழைப்பே இருக்கு.

‘தர்ட்டீன்’ஐ எடுத்துக்கங்க. பசங்க முதல் நாள் கேட்டுட்டு, "அக்கா, இது ஈஸிதானே"ன்னு வருவாங்க. கட்டைவிரல் தடிமனான தந்திகள்ல தானா இறங்கி நடக்கணும், மத்த விரல் அதைக் கண்டுக்காம மெல்லிய தந்தியில மீட்டிட்டே இருக்கணும். ஒரு வாரத்துல கை வந்துரும். ஆனா அதை அவசரமில்லாம வாசிக்க ஒரு வருஷம் ஆகும். கொஞ்சம் வேகம் கூடினாலும் அந்தப் பையனோட கூச்சம் போயிருது, வெறும் பாட்டா நிக்குது. போன வருஷம் ஒரு பையன், பன்னெண்டாவது படிக்கிறவன், இதை வாசிச்சு முடிச்சுட்டு தந்தி மேல கையை வெச்சு அமுக்காம, சத்தம் தானா அடங்கற வரைக்கும் அப்படியே உக்காந்திருந்தான். நான் சொல்லித் தரலைங்க, அவனாவே செஞ்சான்.

முதல் பாட்டு ‘ஃபீல்’ நேர் எதிர். பெல் தொண்டை கிழியற மாதிரி கத்தறார், நடுவுல ஊதுகருவிகள் வந்து சேருது. அந்த இடம் வர்றப்போ மெம்பிஸ் ஊரோட சோல் வாசனை அடிக்கும். பீட்டில்ஸை நகல் எடுத்தாங்கன்னு சொல்றவங்க அந்த இடத்தைக் கேக்கலைன்னுதான் நான் சொல்லுவேன்.

அடுத்து ‘தி பேலட் ஆஃப் எல் கூடோ’. வியட்நாம் போருக்கு ஆள் பிடிச்ச காலத்துப் பாட்டு. வரிசையில கொண்டுபோய் நிறுத்தப் பாத்தாலும் நான் மசியமாட்டேன்னு ஒருத்தன் சொல்றான். பல்லவியைக் கேட்டா கறுப்பின மக்கள் உரிமை ஊர்வலத்துல பாடின பாட்டு ஞாபகம் வருது. மார்டின் லூதர் கிங்கைச் சுட்டுக் கொன்ன ஊர் அது, 1968ல. அது நடந்து நாலு வருஷம்தான் ஆன ஊர்ல இருந்து என்னைத் திருப்ப யாராலும் முடியாதுன்னு ஒரு குரல் வர்றது லேசுப்பட்டது இல்லீங்க. அதுவும் கத்தாம, சேர்ந்திசையா மேல மேல அடுக்கிட்டே போற அந்தக் குரல்கள்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் எனக்கு ஒட்டலை. ஆண்டி ஹம்மல் எழுதின ‘தி இந்தியா சாங்’. காட்டுக்கு நடுவுல பெரிய வெள்ளை வீடு, கையில மதுக் கோப்பை, பியானோ. அந்த இந்தியாவுல நம்ம யாருமே இல்லீங்க. வெள்ளைக்காரத் துரை ஓய்வெடுக்கற பங்களா மட்டும்தான் இருக்கு. மெட்டு அழகு. ஆனா அந்த இடம் வந்தா கை தானா அடுத்த பாட்டுக்குத் தள்ளிருது.

பெரம்பூர் பையன்:

அக்கா, அந்தப் பாட்டை நானும் கவனிச்சேன். நம்ம நாட்டுப் பேரைப் பாத்ததும் ஆசையா போட்டேன், ஏமாற்றமா இருந்துச்சு. 20, 21 வயசுப் பசங்க, பார்க்காத ஒரு நாட்டைப் பத்தி எங்கேயோ படிச்சதை வெச்சு எழுதியிருக்காங்க. அந்த ஒரு பாட்டைத் தவிர மத்ததெல்லாம் அவங்களோட சொந்தத் தெருவுல நடக்கிற விஷயம். ‘இன் தி ஸ்ட்ரீட்’ல வேலைவெட்டி இல்லாம சாயங்காலம் தெருவுல சுத்துறானுங்களே, அதை பெரம்பூர்ல எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லுவான்.

கிறிஸ் பெல் அப்புறம் என்ன ஆனார்? தேடினா சின்ன வயசுலயே இறந்துட்டார்னு வருது.

சாய்வு நாற்காலி:

ராஸ்பெர்ரீஸ் சான்றை ஏற்றுக்கொள்கிறேன், நண்பரே. காலத்தின் மேல் நான் போட்ட பழியைத் திரும்பப் பெறுகிறேன்.

பெல் பற்றிக் கேட்ட தம்பிக்கு. இந்த ஆல்பத்தின் வரவேற்பைப் பேசும்போது நாம் விற்பனை எண்ணிக்கையை மட்டுமே பேசுகிறோம். அது ஒரு மனிதரை என்ன செய்தது என்பதையும் பேச வேண்டும். குழுவின் முதல் கனவு பெல்லுடையது. சில்டன் பின்னால் வந்து சேர்ந்தவர். பாட்டுகளுக்கு இருவர் பெயரையும் சேர்த்தே போட்டார்கள், பீட்டில்ஸில் லெனனும் மெக்கார்ட்னியும் போட்டதைப் போல. ஆனால் விமர்சனம் எழுதியவர்களுக்குத் தெரிந்த பெயர் சில்டன்தான். ‘தி லெட்டர்’ பாடிய பையனின் புதிய குழு என்றே பேச்சு போனது. ராத்திரி பகலாக ஒலியைச் செதுக்கியவருக்கு அது எப்படி இருந்திருக்கும்?

தட்டு விற்கவில்லை, புகழ் பங்காகவில்லை. உள்ளே சண்டை, மனச்சோர்வு. 1972 முடிவதற்குள் பெல் விலகிவிட்டார். ரோலிங் ஸ்டோனில் அந்த விமர்சனம் வந்தது 1973 தொடக்கத்தில். பாராட்டு அச்சாகி வந்தபோது அதை வாங்கிக்கொள்ள வேண்டியவர் குழுவிலேயே இல்லை. நான் எத்தனையோ முறை இந்தத் தேதிகளை எண்ணிப் பார்த்திருக்கிறேன். சில மாதம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது மாறியிருக்குமா என்று.

1973 மே மாதம் நாடெங்கும் இருந்து ராக் எழுத்தாளர்களை மெம்பிஸுக்கு வரவழைத்தார்கள். லாஃபயெட்ஸ் அரங்கில் பிக் ஸ்டார் வாசித்தது, பெல் இல்லாமல் மூன்று பேராக. எழுத்தாளர்கள் எழுந்து ஆடினார்கள். அந்த உற்சாகத்தில்தான் மற்ற மூவரும் குழுவைத் தொடர முடிவெடுத்தார்கள், 1974இல் ‘ரேடியோ சிட்டி’ வந்தது. அதற்கும் விநியோகத்தில் அதே கதி.

பெல் பிற்பாடு குடும்பத்தின் உணவகத் தொழிலில் வேலை பார்த்தார். 1978இல் ‘ஐ ஆம் தி காஸ்மோஸ்’ என்ற ஒரே ஒரு தனி சிங்கிள் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 27ஆம் தேதி, கார் கம்பத்தில் மோதி இறந்தார். வயது 27. மறுநாள் சில்டனின் பிறந்தநாள்.

கேசட்கடை மகன்:

படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுதத் தோணல ஐயா.

1978லதான் பிரிட்டன்ல ரெண்டு ஆல்பத்தையும் சேர்த்து ஒரே உறையில மறுபடி வெளியிட்டாங்க. அங்கேருந்து அது கை மாறி கை மாறிப் போச்சு. விளம்பரம் கிடையாது, ஒருத்தர் இன்னொருத்தருக்குப் பதிஞ்சு கொடுத்ததுதான். எங்க கடையிலயும் பசங்க வெத்து கேசட் வாங்கிட்டு வந்து, "அண்ணே, இதை ஒரு காப்பி போட்டுக் குடுங்க"ன்னு நிப்பாங்க. சில பாட்டு ஊர்ல பரவினதே அப்படித்தான்.

அந்தக் கைகள்ல சிலது பின்னாடி பெரிய கைகள். ஆர்.இ.எம்.ங்கிற அமெரிக்க ராக் குழுவோட பீட்டர் பக் இவங்க பேரைச் சொல்லாத இடமில்ல. பேங்கிள்ஸ் குழு 1986ல ‘ரேடியோ சிட்டி’யில இருக்கிற ‘செப்டம்பர் கேர்ள்ஸ்’ பாட்டைப் பாடினாங்க. அடுத்த வருஷம் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு ‘அலெக்ஸ் சில்டன்’னே ஒரு பாட்டுக்குப் பேர் வெச்சாங்க, அதைப் பதிவு பண்ணதும் அதே ஆர்டென்ட்ல. ஸ்காட்லாந்துல டீனேஜ் ஃபேன்கிளப்ங்கிற குழுப் பசங்களுக்கு இவங்கதான் அரிச்சுவடி.

1998ல ‘தட் செவன்டீஸ் ஷோ’ன்னு அமெரிக்க டி.வி. தொடர் வந்துச்சு. அதோட முகப்புப் பாட்டு ‘இன் தி ஸ்ட்ரீட்’, வேற ஆளுங்க பாடினது. ஒவ்வொரு ஒளிபரப்புக்கும் தனக்கு 70 டாலர் வருதுன்னு சில்டன் சொல்லியிருக்கார். நடுவுல அவர் நியூ ஆர்லியன்ஸ்ல ஓட்டல்ல பாத்திரம் கழுவியிருக்கார், மரம் வெட்டுற வேலைக்குப் போயிருக்கார். கோடிப் பேர் வீட்டுக்குள்ள அந்த மெட்டு போச்சு. யாரோடதுன்னு எத்தனை பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?

மாடிவீட்டு ரேடியோ:

1993ல சில்டனும் ஸ்டீபன்ஸும் மிசூரி பல்கலைக்கழகத்துல மறுபடி மேடையேறினாங்க. கூட வாசிச்சது போசீஸ் குழுவோட ரெண்டு பேர், இந்தத் தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவங்க. 2010 மார்ச் 17ல சில்டன் போய்ட்டார். மூணு நாள் கழிச்சு ஆஸ்டின்ல பிக் ஸ்டார் கச்சேரி இருந்துச்சு, அது அஞ்சலியா மாறுச்சு. அதே வருஷம் ஜூலையில ஹம்மலும் போய்ட்டார். நாலு பேர்ல மிச்சம் இருக்கிறது டிரம்ஸ் வாசிச்ச ஜோடி ஸ்டீபன்ஸ் ஒருத்தர்தான். அவர் ஆர்டென்ட் ஸ்டூடியோவுலயே பல வருஷம் வேலை பார்த்தார்.

ரோலிங் ஸ்டோனோட தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியல்லயும் இந்தத் தட்டு இருக்கு. அந்தப் பட்டியலை நான் பெருசா எடுத்துக்கிறதில்ல. கேசட்கடை மகன் அப்பாவோட நோட்டுல இதுக்கு அஞ்சு கோடு விழுந்து, மதுரையில சரக்கும் இருந்திருந்தா எனக்கு அது போதும்.

பெரம்பூர் பையன்:

இன்னைக்கு வேலைக்குப் போறப்ப ரயில்ல ‘எல் கூடோ’ கேட்டுட்டே போனேன். பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்காக வண்டி நின்னுச்சு. சரியா அப்போ அந்தக் கூட்டுக் குரல் மேல ஏறுச்சு. பக்கத்துல நின்ன அண்ணன் என்னப்பா ஆச்சுன்னு கேட்டார், கண்ணு கலங்கினது எனக்கே தெரியல. இயர்போன்ல ஒண்ணை அவர்கிட்ட கொடுத்தேன். சென்ட்ரல் வர்ற வரைக்கும் அவரும் கேட்டார். எறங்கும்போது குழு பேரை போன்ல குறிச்சுக்கிட்டார்.

அடுத்து எதைக் கேக்கட்டும், ‘ரேடியோ சிட்டி’யா, பெல்லோட ‘காஸ்மோஸ்’ஸா?

ஆறுதந்தி:

‘ரேடியோ சிட்டி’ கேளு தம்பி, அதுவும் ரயில்லயே கேளு. ‘காஸ்மோஸ்’ வீட்ல எல்லாரும் தூங்கினதுக்கு அப்புறம்.